கல்யாணச் சாவு என்று சொல்லாதீர்கள்

தாத்தாவின் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. வந்தவர்களில் பாதிப் பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையேதான் சொன்னார்கள்: "தொண்ணூத்தஞ்சு வயசு. கல்யாணச் சாவுப்பா, அழக்கூடாது."

அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் அந்தச் சொல்லை என் மனசு ஏற்கவில்லை. கொட்டு, வெடி, பூப்பல்லக்கு, கொள்ளுப்பேரப் பிள்ளைகள் பிடித்த நெய்ப்பந்தம், எதிலும் எனக்குக் குறையில்லை. அவ்வளவுக்கும் உரிய மனுஷர்தான். வயது ஏற ஏற அழுகை குறைய வேண்டும் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

1929-ல் பொன்மலையில் பிறந்தவர் தாத்தா. அவருடைய அப்பா நாகப்பட்டினம் ரயில்வே பட்டறையில் இருந்தவர். பட்டறையைத் திருச்சி பொன்மலைக்கு மாற்றியபோது குடும்பமும் கூடவே வந்துவிட்டது. ரயில்வே குவார்ட்டர்ஸ், சந்தை, பட்டறைச் சங்கு. அந்த ஊருக்கே சங்குதான் கடிகாரம்.

1946 செப்டம்பர் 5. தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது பொன்மலையில் போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். தாத்தாவுக்கு அப்போது 17 வயது. அன்று அவருடைய அப்பா இருட்டிய பிறகுதான் வீடு வந்தாராம். சட்டையெல்லாம் ரத்தம், அவருடைய ரத்தம் இல்லை. அதற்கு மேல் தாத்தா எங்களிடம் எதுவும் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு செப்டம்பர் 5-க்கும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சங்கத் திடலுக்குப் போய் நின்றுவிட்டு வருவார். நடக்க முடியாமல் போன பிறகு ஆட்டோவில் போனார்.

துப்பாக்கிச் சூடு நடந்த மறு வருஷமே அதே பட்டறையில், பாய்லர் ஷாப்பில் சேர்ந்தார். நாற்பது வருஷம். ஊட்டி மலை ரயில் எஞ்சின்கள் பழுது பார்க்க அங்கேதான் வரும். பாய்லருக்குள் இருக்கும் ஒவ்வொரு போல்ட்டையும் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்களாம். நல்ல போல்ட் ஒரு மாதிரி பேசும், உடைந்தது வேறு மாதிரி பேசும் என்பார். ரிவெட் அடிக்கிற சத்தத்தில் ஐம்பது வயதுக்குள் காது போய்விட்டது. அதன் பிறகு எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். சுத்தியல் பிடித்த உள்ளங்கையைக் காட்டினார். வீட்டிலும் அப்படித்தான்: பித்தளைக் குடம், தண்ணீர்த் தொட்டி, நிலைக்கதவு எதுவானாலும் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் பேசுவார்.

1974 மே மாத வேலைநிறுத்தம் இருபது நாள் நடந்தது. ஐந்து பிள்ளைகள், வீட்டில் அரிசி இல்லை. அப்பாயி தோட்டைக் கழற்றிக் கொடுத்தது. வேலைக்குத் திரும்பியதும் அவர் முதலில் மீட்டது அந்தத் தோட்டைத்தான். அத்தை இன்றும் அதைப் போட்டிருக்கிறார்.

92 வயதில் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஒரு ஆஸ்பத்திரியில், "வயசாயிடுச்சு, ஆபரேஷன் எதுக்கு? வீட்டுல வெச்சுப் பாத்துக்குங்க" என்றார்கள். நாங்கள் கேட்கவில்லை. வேறு இடத்தில் ஆபரேஷன் நடந்து நாலாவது மாதம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை நடந்தார். அதன் பிறகு மூன்று வருஷம் எங்களோடு இருந்தார். அந்த மூன்று வருஷத்தில் பிறந்த இரண்டு பிள்ளைகளுக்கு அவர் மடி கிடைத்தது. 'வயசாயிடுச்சு' என்ற அந்த வார்த்தைக்குத் தலையாட்டியிருந்தால் இதில் எதுவுமே இல்லை. இறந்த பிறகு சொல்லும் 'கல்யாணச் சாவு'விலும் எனக்கு அதே வார்த்தைதான் கேட்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. இழவு வீட்டுக்கு அவ்வளவு கூட்டம் வந்தும், அவர் வயதுக்காரர் ஒருத்தர்கூட இல்லை. அவரை "டேய்" என்று கூப்பிட்ட கடைசி மனிதர், பாய்லர் ஷாப் கூட்டாளி, இறந்து பதினோரு வருஷமாகிறது. தம்பி தங்கைகள் எல்லோரையும் அவரே தூக்கி அனுப்பிவைத்தார். நாற்பதில் செத்தவனுக்கு அழ அம்மா இருப்பாள், நண்பன் இருப்பான். தொண்ணூற்றைந்தில் போனவருக்கு எங்களை விட்டால் யார் அழுவது? அதனால் அழுதேன். இன்னும் அழுகிறேன். சமாதானம் சொல்ல வருகிறவர்கள் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்தாலே எனக்குப் போதும்.

அவர் கட்டிலை மச்சுக்கு ஏற்றிவிட்டோம். காது கேட்காதவர் யாரும் இப்போது வீட்டில் இல்லை. இருந்தும் நாங்கள் எல்லோரும் இன்னும் சத்தமாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.