என் நோய்க்குறிப்பு கசிந்ததில் எனக்கு என்ன நட்டம்?

"நோயாளிகள் எவருக்கும் நேரடிப் பாதிப்பு ஏற்பட்டதாக இதுவரை தகவல் இல்லை." கடந்த வாரம் அந்த மருத்துவமனை நிர்வாகம் வெளியிட்ட அறிக்கையின் இந்த ஒற்றை வரியை எத்தனை முறை படித்தேன் என்பதற்குக் கணக்கில்லை. எந்த மருத்துவமனை என்று இங்கே எழுதப் போவதில்லை. அதன் கணினியிலிருந்து நோயாளிகளின் குறிப்புகள் திருடு போயின; அவற்றில் என்னுடையதும் ஒன்று. அதே வரி, ஒரு சொல்லும் மாறாமல், மருத்துவமனையிலிருந்து எனக்கு வந்த கடிதத்திலும் இருந்தது. அதற்குப் பிறகு என்னிடம் பேசியவர்கள், சட்டம் படித்த நண்பர் ஒருவர் உட்பட, கேட்டது ஒரே கேள்வியைத்தான்: "சரி, உங்களுக்கு என்ன நட்டம்?"

வங்கிக் கணக்கிலிருந்து பணம் போகவில்லை. வேலை போகவில்லை. எவரும் மிரட்டவில்லை. ஆனாலும் எனக்கு நட்டம் ஏற்பட்டிருக்கிறது. என் நோய்க்குறிப்பு எனக்குத் தெரியாத ஒருவர் கையில் இருக்கிறது என்பதே அந்த நட்டம். அதை வைத்து அவர் நாளை என்ன செய்கிறார் என்பது இரண்டாவது நட்டம். இரண்டாவது நடக்கும்வரை முதலாவது நட்டமே ஆகாது என்று சொல்லும் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

சட்டத்தில் வழியே இல்லையா என்று கேட்பவர்களுக்காக, இந்தப் பத்து நாள்களில் நான் படித்ததையும் வழக்கறிஞரிடம் கேட்டதையும் சொல்கிறேன். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தரவுகளைக் காக்கத் தகுந்த ஏற்பாடு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். கேட்பதற்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும் என்று அதே சட்டத்தின் 34ஆவது பிரிவு சொல்கிறது. குறிப்பு என்னுடையது, கசிந்தது என்னுடையது, அபராதம் மட்டும் அரசுடையது. இதுகூடப் பரவாயில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. உடல்நலம், மனநலம் பற்றிய தகவல்களைக் கவனக்குறைவாகக் கையாண்ட நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்பதற்கு நம்மிடம் இருந்த நேரடியான பிடிமானம் அதுதான். புதிய சட்டம் அந்தப் பிரிவை நீக்குகிறது. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டபோது, அந்த அபராதமும் இந்த நீக்கமும் பதினெட்டு மாதங்களுக்குப் பிறகே நடைமுறைக்கு வரும் என்றார்கள். அதாவது, இன்று நான் கேட்கக்கூடிய இழப்பீட்டை, என்னைப் போல் நாளை கடிதம் பெறப்போகும் ஒருவர் அந்த வழியில் கேட்க முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பொய்யான அல்லது அற்பமான புகார் அளிப்பவருக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. பொய்ப் புகார் தவறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "என்ன நட்டம்" என்று கேட்டே பழகிய ஒரு சமூகத்தில், எது அற்பம் என்பதை யார் தீர்மானிப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

அந்தப் பிரிவு போனாலும் மிஞ்சும் உருப்படியான வழி நுகர்வோர் ஆணையம். கட்டணம் செலுத்திப் பெறும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நம்பிக்கையின் பேரில் நுகர்வோர் தந்த தனிப்பட்ட தகவலைப் பிறருக்கு வெளிப்படுத்துவது முறையற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. திருடப்பட்டதை "வெளிப்படுத்தியது" என்று கொள்ள முடியாது என மருத்துவமனைத் தரப்பு வாதிடும்; அதனால் சேவைக் குறைபாடு என்ற அடிப்படையையும் சேர்த்தே புகார் எழுத வேண்டும் என்று வழக்கறிஞர் சொன்னார். இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளித்தாக வேண்டும். வந்த கடிதத்தை உறையோடு பத்திரப்படுத்துங்கள். எந்தெந்தத் தகவல்கள், எந்த நாளிலிருந்து, யார் கைக்குப் போயின என்று எழுத்தில் கேளுங்கள். சமாதானமாக எதையாவது இலவசமாகத் தர முன்வந்தால், எந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறோம் என்று பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். ஆனால் எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளுக்கு இந்த வழி பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பணம் கட்ட இயலாதவரின் நோய் மட்டும் இரகசியம் இல்லையா?

இனி என் கதைக்கு வருகிறேன். இதை எழுதலாமா என்று இரண்டு இரவுகள் யோசித்தேன். பதினொரு ஆண்டுகளுக்கு முன், ஆறாம் மாதத்தில் என் குழந்தையை இழந்தபின், எட்டு மாதங்கள் மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்டேன். என் கணவருக்கும் அந்த மருத்துவருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. என்னைப் பெற்ற அம்மாவுக்கே தெரியாது. அறையின் கதவு மூடியிருந்தது என்ற ஒரே நம்பிக்கையில், எவரிடமும் சொல்லாதவற்றை அந்த மருத்துவரிடம் சொன்னேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டே இருந்தார். அப்படி எழுதியதுதான் பின்னாளில் கணினியில் ஏற்றப்பட்டு, இன்று எங்கோ இருக்கிறது.

கடிதம் வந்த மறுநாள் சித்தி மகள் தொலைபேசியில் அழைத்து, "அக்கா, எப்படி இருக்கீங்க, நல்லா இருக்கீங்களா?" என்றாள். ஆண்டுக்கு இரண்டு முறை அவள் கேட்கும் சாதாரணக் கேள்விதான். எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. இவளுக்குத் தெரிந்துவிட்டதோ, யார் சொன்னார்கள், எவ்வளவு தெரியும் என்று மனம் ஓட, பதில் சொல்ல முடியாமல் அழைப்பைத் துண்டித்தேன். அவள் மகனின் தேர்வு முடிவைச் சொல்லத்தான் அழைத்திருக்கிறாள். இந்த நட்டத்துக்கு எந்த ரசீதை நான் இணைக்க முடியும்?

மனநோய் ஒன்றும் அவமானம் இல்லையே, ஏன் மறைக்க வேண்டும் என்று சிலர் கேட்பீர்கள். அவமானம் இல்லைதான். இதோ, நானே எழுதிவிட்டேன். ஆனால் யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை நான் முடிவு செய்ய வேண்டும். பதினொரு ஆண்டுகள் காத்திருந்து அம்மாவிடம் ஒரு நாள் மெல்லச் சொல்ல நினைத்ததை, இந்தக் கடிதத்துக்குப் பயந்து முந்தாநாள் அவசரமாகச் சொன்னேன். அம்மா அழுதார். "என்கிட்ட ஏன் சொல்லலே" என்று ஒரே ஒரு முறை கேட்டார்.

அச்சம் ஒரு நட்டமா என்ற கேள்வி உலக நீதிமன்றங்களுக்குப் புதிதல்ல. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021இல், வேறொரு தகவல் வழக்கில், உறுதியான பாதிப்பு இல்லாதவருக்கு வழக்குத் தொடரும் தகுதியே இல்லை என்றது. அங்கே மருத்துவத் தகவல்களுக்கென்று 1996 முதல் இருக்கும் ஹிப்பா சட்டத்தின் கீழ் நோயாளி நேரடியாக வழக்குத் தொடுக்கவும் முடியாது. ஆந்தம் காப்பீட்டு நிறுவனத்தில் 2015இல் ஏறத்தாழ 7 கோடியே 90 லட்சம் பேரின் தகவல்கள் திருடு போனபின், 11.5 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. வழக்கறிஞர் கட்டணத்தைக் கழிக்காமலே பங்கிட்டாலும் தலைக்கு ஒன்றரை டாலர் தேறாது. ஆனால் ஐரோப்பிய நீதிமன்றம் 2023 டிசம்பரில், பல்கேரிய வரித் துறைத் தகவல் கசிவு வழக்கில், தன் தகவல் தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்ற அச்சம்கூடப் பாதிப்பாக அமையலாம் என்று சொன்னது. அந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டா என்று பார்க்க வேண்டும் என்றும் சொன்னது, அது நியாயம்தான். அதைவிட முக்கியமாக, பாதுகாப்பு ஏற்பாடுகள் போதுமானவையாக இருந்தன என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது என்றது. அந்தப் பூட்டு எப்படிப்பட்டது என்பது எனக்கு எப்படித் தெரியும்?

மருத்துவமனையும் குற்றத்துக்கு இரையானதுதானே என்று என் நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. திருடியவன்தான் முதல் குற்றவாளி. ஆனால் நகையை அடகு வாங்கி, பெட்டியைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்கியவர், "என்னிடமும் திருடிவிட்டார்கள்" என்று சொன்னால் நாம் ஏற்றுக்கொள்கிறோமா? பின்லாந்தின் வஸ்தாமோ மனநல சிகிச்சை மையத்தில் 2020இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சிகிச்சை அறையில் சொன்னதை வெளியிடாமல் இருக்க 200 யூரோ தர வேண்டும் என்று நோயாளிகளுக்கே தனித்தனியாக மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அவர்களுக்கும் அதற்கு முந்தைய நாள்வரை "நேரடிப் பாதிப்பு" எதுவும் இல்லை. குற்றவாளிக்கு 2024இல் ஆறு ஆண்டுகளுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் அந்த நிறுவனம் அதற்கு முன்பே, 2021இல் திவாலாகிவிட்டது. திவாலான நிறுவனத்திடம் எதை வசூலிப்பது?

இழப்பீடு என்று தொடங்கினால் சிறிய மருத்துவமனைகள் மூடப்படும் என்ற வாதமும் வந்தது. இதற்கு என்னிடம் பொறுமை குறைவு, மன்னியுங்கள். காக்க முடியாதவற்றை ஏன் என்னிடம் கேட்டு வாங்கினீர்கள்? படிவத்தில் பத்துப் பக்கம் கேட்டபோது நான் ஒரு கட்டத்தைக்கூட வெற்றாக விடவில்லையே.

நேற்று முதுகுவலிக்காக வேறொரு மருத்துவரிடம் போயிருந்தேன். இதற்கு முன் நீண்ட காலம் ஏதாவது மருந்து எடுத்துக்கொண்டீர்களா என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். அந்தப் பொய் தானாகவே வாயிலிருந்து வந்தது. அவர் தரப்போகும் மருந்துக்கும் என் பழைய மருந்துக்கும் தொடர்பு இருக்கிறதோ இல்லையோ, கேட்டவருக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். நாற்பத்து நான்கு வயதில் முதன்முறையாக ஒரு மருத்துவரிடம் பொய் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மருத்துவமனைக்கு நான் எழுதிய மூன்று கேள்விகளைப் பதிவுத் தபாலில் அனுப்பி ஒரு வாரம் ஆகிறது, பதில் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்கான புகார் மேசை மேல் இருக்கிறது. பெயர், முகவரி, சிகிச்சை பெற்ற நாள்கள், செலுத்திய கட்டணம் எல்லாம் எழுதிவிட்டேன். கோரும் இழப்பீட்டுத் தொகை என்ற இடத்தை மட்டும் இன்னும் நிரப்பவில்லை. வழக்கறிஞர் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.