சீலையோட சப்பாத்துப் போட்டா உங்களுக்கென்ன?

யாழ்ப்பாணம் பண்ணையில எடுத்த வீடியோ ஒண்டு இணையத்தில சுத்துது. எல்லாரும் பாத்தாச்சு, கனபேர் சிரிச்சும் ஆச்சு. அறுபது எழுபது வயசு அம்மாமார் நாலைஞ்சு பேர் சீலையும் சப்பாத்துமா விடியக் காலமை கை வீசி நடக்கினம். அதுக்குக் கீழ "கிழவியளுக்கு இப்பதான் ஒலிம்பிக் ஞாபகம்" எண்டு ஒரு கெட்டிக்காரத் தம்பி.

அவை மெலியிறதுக்கு நடக்கேல்லை ராசா. மனம் இடியாமல் ஒரு நாளைக் கடத்திறதுக்கு நடக்கினம்.

"வீட்டு வேலை செய்தாலே காணும், எங்கட ஆச்சி என்ன ஜிம்முக்கோ போனவ?" எண்டும் ஒராள். ஆச்சி கிணத்தில தண்ணி அள்ளினவ, உரலில மா இடிச்சவ, சந்தைக்கு நடந்து போனவ. இப்ப தண்ணிக்கு மோட்டர், மாவுக்கு மில், சந்தைக்கு ஓட்டோ. மிஞ்சினது குனிஞ்சு கூட்டிறதும் குசினியில நிண்டு கால் உளையிறதும்தான். அதுவும் அசைவுதான், மறுக்கேல்லை. ஆனா தொடைத் தசை அதில பலக்காது, கதைக்கத் துணையும் கிடைக்காது. உலக சுகாதார நிறுவனம் 2020 இல சொன்னது, 65 தாண்டினவைக்குக் கிழமைக்கு 150 தொடக்கம் 300 நிமிசம் நடுத்தர அசைவு, அதோட 2 நாளாவது தசைப் பயிற்சி, 3 நாளாவது சமநிலையும் சேர்ந்த பயிற்சி.

"விழுந்தா ஆர் பாக்கிறது?" இது நியாயமான கேள்வி. ஆனா இருந்த இடத்தில இருக்கிறவைக்குத்தான் தசை கரைஞ்சு விழுகை கூடும். கெடுக்கிறது முதல்நாள் ஆர்வம். ஒரேயடியா ஒரு மணித்தியாலம் நடந்து, முழங்கால் வீங்கி, அதோட சரி. 10 நிமிசத்தில தொடங்கி, கிழமைக்கு 5 நிமிசமாக் கூட்டுங்கோ. கதைக்க ஏலும், பாட ஏலாது எண்டால் அதுதான் சரியான வேகம். நடந்து இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகும் நோ கூடியே இருந்தால் அடுத்த நாள் குறையுங்கோ. றப்பர் செருப்பு வேண்டாம், சீலை கணுக்காலுக்கு மேல நிக்கட்டும். இன்சுலின் போடுறவை வெறும் வயித்தோட வெளிக்கிடாமல் இரண்டு ரொபி கையில வைச்சிருங்கோ. நெஞ்சு இறுக்கினால் உடன நிப்பாட்டி வைத்தியம் பாருங்கோ.

மழை நாளுக்குச் சில்லில்லாத கதிரையைச் சுவரோட சாத்தி, மூச்சை விட்டுக்கொண்டு எழும்பி, மூண்டு எண்ணி மெதுவா இருங்கோ. 8 தரம், ஆறிப்போட்டு இன்னொரு 8. மூச்சை அடக்கினால் பிறசர் ஏறும். பிறகு குசினி மேடையைப் பிடிச்சுக் குதியை உயர்த்தி 10 தரம்.

இனி மனம். எங்கட அம்மாமார் "கவலையா இருக்கு" எண்டு சொல்லாயினம். "நித்திரை வரேல்லை, சாப்பாடு மனமில்லை, உடம்பெல்லாம் நோ" எண்டுவினம். நாங்கள் பனடோல் குடுப்பம். விடிய வெளிச்சத்தில நடந்தால் இரவு நித்திரை திருந்தும். நாலு பேரோட நடந்தால் வராத ஆளை மற்றவை தேடுவினம். தேடுற ஆள் இருக்கிறது சின்ன விசயமோ? நடை மருந்துக்குப் பதில் எண்டு நான் சொல்லேல்லை, அப்பிடித் திரிக்கவும் வேண்டாம். இரண்டு கிழமையா எதிலயும் பிடிப்பில்லாமல் இருந்தால் வைத்தியரிட்டக் கூட்டிப் போங்கோ. இலங்கையில 1926 எண்ட மனநல உதவித் தொலைபேசி இலக்கமும் இருக்கு.

வெளிநாட்டுப் பிள்ளையள் வாங்கிக் குடுத்த நடை மெசினில உடுப்புக் காயுது. வீடியோ கோலில "வெளிய போகாதேங்கோ அம்மா, சனம் கதைக்கும்." கதைக்கிற சனம் ஆர்? நாங்கள்தானே!

ஒரு கணக்குச் சொல்லுறன். நெஞ்சில கையைக் கட்டிக்கொண்டு 30 செக்கனுக்குள்ள கதிரையில இருந்து எத்தினைதரம் எழும்ப ஏலும்? 70 தொடக்கம் 74 வயசுப் பெண் 10 தரம் எழும்பாட்டி விழுற ஆபத்துக் கூட. அந்த ஒலிம்பிக் தம்பி தன்ர அம்மாவைக் கதிரையில இருத்தி ஒருக்கா எண்ணிப் பாத்திட்டு வந்து கொமெண்ட் போடட்டும்.