பன்னிரண்டாவது எபிசோடில் ஏன் பிரிக்கிறீர்கள்?

கொரியக் காதல் தொடர்கள் நாலைந்து பார்த்தவர்களுக்கே இந்தக் கணக்கு பிடிபட்டுவிடும். மொத்தம் 16 எபிசோட். எட்டாவது வாக்கில் முதல் முத்தம். ஒன்பது, பத்தில் ஒரே குடையில் நடை, நள்ளிரவு ராமென் நூடுல்ஸ், ஊருக்குத் தெரியாமல் கைகோத்தல். பன்னிரண்டு, பதின்மூன்றில் இருவரில் ஒருவர் "எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்று தனக்குள்ளேயே முடிவெடுத்துக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் விலகிவிடுவார். பதினைந்து முழுக்க அழுகை. பதினாறின் பிற்பாதியில் "ஒரு வருடம் கழித்து" என்று திரையில் எழுத்து வரும். ஏதோ ஒரு தெருவில் எதிரெதிரே நின்று சிரிப்பார்கள். முடிந்தது.

எனக்கு இந்தத் தொடர்கள் உயிர். அதனால்தான் இவ்வளவு கோபம். இரண்டு பேர் ஒருவரையொருவர் விரும்பத் தொடங்குவதை இத்தனை நுணுக்கமாக எடுக்கத் தெரிந்தவர்கள், அவர்கள் சேர்ந்து வாழ்வதைக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் ஏன் பின்வாங்குகிறார்கள்? சேர்ந்திருப்பதில் கதை இல்லை என்று யார் சொன்னது? காதல் தொடர் என்றால், கைகூடிய பிறகு அந்தக் காதல் என்ன ஆகிறது என்பதையும் காட்ட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் சீனத் தொடர்கள் கொரியத் தொடர்களைவிட ஒரு படி மேலே என்பது என் கட்சி.

கொரியாவின் பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2019 டிசம்பரில் தொடங்கிய 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ'. தென்கொரியப் பணக்கார வீட்டுப் பெண் யூன் செ-ரி பாராகிளைடிங் போகும்போது சூறைக்காற்றில் சிக்கி வடகொரியாவில் வந்து விழுகிறாள். ரி ஜோங்-ஹியோக் என்ற ராணுவ கேப்டன் அவளைத் தன் வீட்டில் மறைத்து வைக்கிறான். கரண்ட் போய்ப் போய் வரும் கிராமம் அது. அவள் வாசனை மெழுகுவர்த்தி வேண்டும் என்கிறாள். அவனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, சாதாரண மெழுகுவர்த்தியை வாங்கி வந்து நீட்டுகிறான். அப்புறம் ஒருநாள் இருட்டிய நேரத்தில் சந்தைக் கூட்டத்தில் அவள் வழி தெரியாமல் திகைத்து நிற்கிறாள். அத்தனை தலைகளுக்கும் மேலே ஒரு கை உயர்கிறது, அதில் எரிகிற மெழுகுவர்த்தி. இந்த முறை வாசனை உள்ளது.

அந்த இடத்தில் காதல் என்று ஒரு வார்த்தை கிடையாது. அவள் கேட்டதை அவன் மறக்கவில்லை, எங்கோ தேடி வாங்கியிருக்கிறான், அவளைக் கண்டுபிடிக்க அதையே பயன்படுத்துகிறான். இப்படி ஒரு காட்சியை யோசித்து எழுதுகிறவர்களுக்கு நான் எப்போதும் ரசிகைதான். அந்தத் தொடரில் வரும் பிரிவையும் மனதார ஏற்றுக்கொண்டேன். அங்கே பிரிவுக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 1945-இலிருந்து இரண்டாகக் கிடக்கிற நாடு அது. கடைசியில் அவர்களுக்குக் கிடைப்பது ஸ்விட்சர்லாந்தில் வருடத்துக்கு இரண்டு வாரம். அதற்கு மேல் கொடுத்திருந்தால்தான் பொய்யாக இருந்திருக்கும்.

அதே எழுத்தாளர் பார்க் ஜி-யூன் 2024-இல் 'குயின் ஆஃப் டியர்ஸ்' எழுதினார். தொடங்கும்போதே திருமணமாகி மூன்று வருடம். ஹாங் ஹே-இன் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் குடும்பத்து வாரிசு. கணவன் பேக் ஹியூன்-ஊ கிராமத்திலிருந்து வந்த வக்கீல். ஒரே வீட்டில் இருவருக்கும் தனித்தனி அறை. முதல் எபிசோடில் அந்தக் குடும்பத்தின் முன்னோர் வழிபாடு வருகிறது. படையலுக்கான சமையலை அந்த வீட்டு மாப்பிள்ளைகள் செய்கிறார்கள். படித்த, பெரிய வேலையில் இருக்கிற ஆண்கள் அடுப்படியில் நின்று, மருமகள்கள் காலம்காலமாகப் புலம்பியதை அப்படியே புலம்புகிறார்கள். மாமனார் வீட்டில் மனிதன் எப்படி மெல்ல மெல்ல ஒன்றுமில்லாதவன் ஆகிறான் என்பதற்கு அந்த ஒரு காட்சி போதும்.

அதற்குப் பிறகு அவன் விவாகரத்து கேட்கப் போகிறான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் தனக்கு மூன்று மாதம்தான் ஆயுள் என்கிறாள். இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்குமா? காதல் எங்கே போனது, திரும்ப வருமா, வந்தால் எந்த வழியாக வரும் என்று பதினாறு எபிசோடும் இதையே துருவியிருக்கலாம். பாதி வரை துருவவும் செய்தார்கள். அதன் பிறகு வில்லன், சொத்துப் பறிப்பு, அறுவை சிகிச்சையில் நினைவு போதல், கார் மோதல், துப்பாக்கிச் சூடு. அவ்வளவு நல்ல தம்பதியைக் கையில் வைத்துக்கொண்டு! கடைசி எபிசோட் கொரியா முழுக்க 24.85 சதவீதம் ரேட்டிங் வாங்கியது, டிவிஎன் சேனலின் சாதனை அது. ஜனங்கள் பார்த்தார்கள், நானும் பார்த்தேன். ஆனால் எனக்குள் தங்கியது அந்த அடுப்படியும், எதிரெதிர் அறைகளில் தூங்காமல் கிடந்த இரண்டு பேரும்தான்.

ஏன் இப்படி ஆகிறது என்று யோசித்தால் தொடர்கள் உருவாகும் விதத்திலேயே பதில் இருக்கிறது. கொரியாவில் பழக்கமான வடிவம் வாரத்துக்கு இரண்டு எபிசோட், எட்டு வாரம். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ஞாயிறு இரவு முடிகிற எபிசோட் அடுத்த சனிக்கிழமை வரை ஆட்களைப் பிடித்து வைக்க வேண்டும். சந்தோஷமாக இருக்கும் இருவரை வைத்துக்கொண்டு அப்படிப் பிடித்து வைக்க முடியாது என்று அவர்களுக்கு ஒரு பயம். அதனால் பிரிவு, விபத்து, மறதி.

சீனத்தில் காதல் தொடர்களில் பெரும்பாலானவை இணையத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வந்த நாவல்களிலிருந்து வருகின்றன. அங்கே வாசகர்கள் காதல் கைகூடியதோடு எழுந்து போவதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு என்ன, குழந்தை பிறந்ததா, மாமியார் என்ன சொன்னார் என்று கேட்பார்கள். எழுதுகிறவர்களும் கதை முடிந்த பிறகு அதற்கென்றே கூடுதல் அத்தியாயங்கள் எழுதுவார்கள். அந்த நாவலைப் படமாக்கும்போது அந்த வாழ்க்கையும் கூடவே வந்துவிடுகிறது.

'தி ஸ்டோரி ஆஃப் மிங்லான்' பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். 2018 டிசம்பரில் தொடங்கியது, 73 எபிசோட். சோங் அரச காலத்துக் கதை. மிங்லான் ஓர் அதிகாரியின் ஆறாவது மகள், இரண்டாந்தார அந்தஸ்துகூட இல்லாத ஒரு துணைவிக்குப் பிறந்தவள். அம்மா பிரசவத்தில் சாகிறாள், அந்தச் சாவில் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இன்னொரு துணைவியின் கை இருக்கிறது. பாட்டி எடுத்து வளர்க்கிறாள். தன் புத்திசாலித்தனத்தை மறைத்து வைத்தால்தான் அந்த வீட்டில் பிழைக்க முடியும் என்று அந்தப் பிள்ளை கற்றுக்கொள்கிறது. முதல் காதலன் நல்லவன்தான், ஆனால் தன் அம்மாவை எதிர்த்து நிற்கத் தெரியாதவன்.

கூ டிங்யேவுடன் அவளுக்குக் கல்யாணம் ஆவது தொடரின் பாதியில். கொரியத் தொடராக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். இங்கே அப்புறம்தான் எனக்குப் பிடித்த பகுதியே. மிங்லான் குறை சொல்ல முடியாத மனைவியாக இருக்கிறாள். கணக்கு வழக்கு, வேலையாட்கள், கணவனின் மாற்றாந்தாய் செய்யும் சூழ்ச்சி, எல்லாவற்றையும் சமாளிக்கிறாள். அவனுக்கு அதுவே வலிக்கிறது. பொறாமைகூடப் படமாட்டேன் என்கிறாளே, கடமையைச் செய்கிறாள், மனதைத் தரமாட்டேன் என்கிறாளே என்று ஒருநாள் வெடித்துவிடுகிறான். அவள் ஏன் தரவில்லை என்பது நமக்குத் தெரியும். ஓர் ஆணின் அன்பை நம்பி நின்ற தன் அம்மாவுக்கு என்ன நடந்தது என்பதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். வில்லன் வந்து பிரிக்கவில்லை, யாருக்கும் நினைவு போகவில்லை. ஒரே கூரையின் கீழ், ஒருவரையொருவர் மதிக்கிற இரண்டு பேருக்கு நடுவே நம்பிக்கை வருவதற்கு எத்தனை காலம் ஆகிறது என்பதுதான் கதை. இதற்கு எழுபது எபிசோட் தேவைதான்.

இன்று அப்படி ஒரு தொடர் வருவது கடினம். 2020-இல் சீன அரசின் ஒளிபரப்பு நிர்வாகம், தொடர்கள் 40 எபிசோடுக்கு மேல் போக வேண்டாம், முப்பதுக்குள் இருந்தால் நல்லது என்று அறிவித்தது. இழுவையைக் குறைக்க என்று பார்த்தால் சரியான முடிவுதான், எத்தனையோ தொடர்களில் துணை ஜோடியின் சண்டையை நாமே ஓட்டி ஓட்டித்தான் பார்க்கிறோம். என் கவலை, வெட்டும்போது முதலில் எதில் கத்தி விழும் என்பது. அந்தக் கல்யாணத்துக்குப் பிந்தைய பாதியில்தான் விழும். கொரியாவிலும் இப்போது 12 எபிசோட் தொடர்கள் பெருகிவிட்டன, அங்கே கைகூடிய பின் வாழ்க்கைக்கு இடமே இல்லை.

சின்னத் தொடரிலும் முடியும் என்பதற்கு 2023-இல் வந்த சீனத் தொடர் 'ஹிட்டன் லவ்' சாட்சி. 25 எபிசோட். அண்ணனின் கல்லூரி நண்பன் மேல் பள்ளிக்கூட வயதில் ஒரு பெண்ணுக்கு வரும் ஆசை. இந்த வயது விஷயம் எனக்கும் நெருடியது. ஆனால் அந்த வயதில் துவான் ஜியாஷூ அவளைத் தங்கையாக மட்டுமே பார்க்கிறான். அவள் கல்லூரிக்குப் போன பிறகுதான் அவன் மனது மாறுகிறது, இதில் தொடர் கவனமாகவே இருக்கிறது. பிற்பகுதியில் அவர்கள் ஜோடியாக இருக்கிறார்கள், வெறுமனே இருக்கிறார்கள்! அவனுடைய அப்பா குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒருவரைக் கொன்ற பழைய கதை வெளியே வருகிறது. கொரியக் கணக்குப்படி அவன் அந்த இடத்தில் காணாமல் போக வேண்டும். இவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள். அவள் வீட்டில் எதிர்ப்பு வரும்போதும் பேசுகிறார்கள். நடுவில் அவன் பயப்படுகிறான், அவள் பயப்படவில்லை. பேசித் தீர்த்துக்கொள்கிற ஒரு ஜோடியைப் பார்க்க எனக்குக் கொஞ்சமும் அலுக்கவில்லை.

சீனத் தொடர்கள் எல்லாமே தங்கம் என்று சொல்ல வரவில்லை. முகத்தில் ஒரு துளை தெரியாத அளவுக்கு மழுப்பிய ஒளிப்பதிவு எரிச்சல். நடிப்பவரின் வாயிலிருந்து வேறொருவர் குரல் வருவது இன்னும் சகஜம், அழுகிற காட்சியில் முகம் ஓரிடம், குரல் ஓரிடம். இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, கொடுமையைக் காதல் என்று விற்பது. 2017-இல் பெரிய வெற்றி பெற்ற 'எடர்னல் லவ்' தேவலோகக் கதை. அதில் நாயகன் யே ஹுவா தன் காதலியின் கண்களைத் தானே பறித்து இன்னொருத்திக்குக் கொடுக்கிறான். அவளைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்று கதை விளக்கம் சொல்கிறது, பிறகு அவன் படும் துன்பத்துக்காக நம்மை அழ வைக்கிறது. நான் அழவில்லை. 2009-இல் 'பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்' காலத்தில் கொரிய நாயகர்கள் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென இழுத்துப் போனார்கள், அதை ரொமான்ஸ் என்றார்கள். பார்வையாளர்கள் கேள்வி கேட்டுக் கேட்டு இன்று அது வெகுவாகக் குறைந்திருக்கிறது. சீனத்திலும் சுவரோடு நெருக்கி நிறுத்தும் முதலாளி நாயகர்களைப் பற்றி அதே கேள்வியைக் கேட்கலாம்.

சரி, கொரியாவால் முடியாதா? முடியும். 2025 மார்ச்சில் வந்த 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' அதைச் செய்து காட்டிவிட்டது. (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) ஜேஜு தீவு. ஏ-சுன், முத்துக்குளிக்கிற பெண்ணைப் போல மூச்சடக்கிக் கடலில் இறங்கிச் சம்பாதித்த ஒரு தாயின் மகள், கவிதை எழுத ஆசைப்படுகிறவள். குவான்-ஷிக் பேச்சே வராத பையன். சந்தையில் அவள் முட்டைக்கோஸ் கடையில் அவள் புத்தகத்தில் மூழ்கியிருப்பாள், அவன் முட்டைக்கோஸ் விற்றுக் கொடுப்பான். இரண்டு மூன்று எபிசோடுக்குள் கல்யாணம் முடிந்துவிடுகிறது. மீதி முழுக்க அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை.

மாமியார் வீட்டில் சாப்பாட்டு நேரம். ஆண்களுக்கு ஒரு மேசை, பெண்களுக்குத் தனியாக ஒரு மேசை. வழக்கம் அது, யாரும் கேள்வி கேட்பதில்லை. குவான்-ஷிக் உட்கார்ந்த இடத்திலேயே முதுகைத் திருப்பி, மனைவியும் மகளும் இருக்கிற பக்கம் பார்த்துச் சாப்பிடத் தொடங்குகிறான். சத்தம் போடவில்லை, வசனம் பேசவில்லை. அந்த வீட்டுக்கே மூச்சு நின்றுவிடுகிறது. அந்த ஒரு திரும்பலுக்காக அந்தத் தொடரை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! பிறகு அவர்கள் ஒரு பிள்ளையைப் புயலில் பறிகொடுக்கிறார்கள். கொரிய வழக்கப்படி அந்தத் துக்கம் அவர்களைப் பிரித்திருக்க வேண்டும். அவர்கள் சேர்ந்தே இருக்கிறார்கள், சேர்ந்தே கிழவன் கிழவி ஆகிறார்கள். முதிய ஏ-சுன்னாக மூன் சோ-ரி வரும்போது இளம் வயது ஏ-சுன்னாக நடித்த ஐயூவின் முகம் நமக்கு அதற்குள் தெரிகிறது. அந்தத் தொடரிலும் மரணம் உண்டு, நோய் உண்டு, அழுகை நிறையவே உண்டு. ஆனால் அந்த அழுகைக்கு முன்னால் நாம் அவர்களோடு முழு வாழ்க்கையையும் வாழ்ந்திருக்கிறோம்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்கள் 'ஹிட்டன் லவ்'வில் ஆரம்பியுங்கள், லேசாக இருக்கும். தமிழ் டப்பிங் இருக்கிற தொடர்களைக்கூட முடிந்தவரை மூலக் குரலோடு, சப்டைட்டில் போட்டுப் பாருங்கள், யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பதிலேயே பாதிக் காதல் இருக்கிறது. 'மிங்லான்' பார்ப்பதாக இருந்தால் முதல் பத்து எபிசோட் பெயர்களும் உறவுகளும் குழப்பும், ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பாட்டி வரும் காட்சிகளை ஓட்டிவிடாதீர்கள். பாதிக்குள் கல்யாணம் முடிந்து மீதியும் நன்றாக இருக்கிற தொடர் வேறு ஏதாவது தெரிந்தால், கொரியாவோ சீனமோ, கமென்டில் பெயரைப் போடுங்கள். இந்த வாரமே பார்க்கிறேன்.