'தி ஹோம்ஸ்டெடர்': யாரும் பார்க்காத படத்துக்கு ஆளுக்கொரு கதைச்சுருக்கம்

அமெரிக்கக் கறுப்பின இயக்குநர் ஆஸ்கர் மிஷோவின் 'தி ஹோம்ஸ்டெடர்' (1919) பற்றி எழுதுகிறவர்கள், நேற்று ராத்திரி செகண்ட் ஷோ பார்த்துவிட்டு வந்ததுபோலக் கதை சொல்கிறார்கள். அந்த ஊமைப்படத்தின் பிரிண்ட் எதுவும் இன்று கைவசம் இல்லை. சொல்லப்படுவது பெரும்பாலும் 1917இல் அவரே எழுதிய நாவலின் கதை. இல்லையென்றால் அதே கதையை அவர் மறுபடி எடுத்த பேசும்படம், 'தி எக்ஸைல்' (1931).

நாவல்படி, தெற்கு டகோட்டாவில் நிலம் வாங்கி உழும் கறுப்பின இளைஞன் ழான் பாப்டிஸ்ட். ஸ்காட்லாந்து வழிவந்த ஆக்னஸ்மேல் ஆசை. இனம் குறுக்கே நிற்க, மனசை அடக்கிக்கொண்டு ஒரு கறுப்பினப் பாதிரியாரின் மகள் ஆர்லீனைக் கட்டுகிறான். மாமனார் குடும்பத்தைக் கெடுத்துத் தொலைக்கிறார். கடைசியில் ஆக்னஸுக்கும் கறுப்பின வம்சம் உண்டென்று தெரிந்து, சுபம். இந்த முடிச்சு எனக்கு உவப்பில்லை. பூர்வீகத்தைக் காட்டித் தடையை நீக்கினால், தடையே சரிதான் என்றாகிவிடுகிறது.

வெள்ளையர்கள் எதிர்த்ததால்தான் படத்துக்குத் தடை வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். சிகாகோவில் நடந்தது வேறு. சென்சாரில் புகார் கொடுத்தவர்கள் மூன்று கறுப்பினப் பாதிரியார்கள். அவர்களை உறுத்தியது காதல் இல்லை, மாமனார் பாத்திரம். தடை நீங்கியதும் மிஷோ அந்தப் புகாரையே விளம்பரத்தில் போட்டுக் கூட்டம் சேர்த்தார். வியாபாரி! படத்துக்கான மூலதனத்தையே அயோவா மாநிலத்தின் சூ சிட்டி பக்கத்து வெள்ளை விவசாயிகளிடம் பங்கு 75 முதல் 100 டாலர் வரை விற்றுத் திரட்டியவர் அவர்.

எட்டு ரீல் படம். முழு ரீல் என்றால் 1000 அடி, அடிக்கு 16 ஃபிரேம். விநாடிக்கு 16 ஃபிரேம் ஓட்டினால் இரண்டேகால் மணி நேரம், 24 ஓட்டினால் ஒன்றரை மணி நேரம். ஓட்டிய வேகத்தைச் சொல்லாமல் "இத்தனை நிமிடப் படம்" என்பதற்கு அர்த்தமில்லை.

தொலைந்த படம் என்றதும் எல்லோரும் தீ விபத்தை நினைக்கிறார்கள். அந்தக் காலத்துப் படச்சுருளான நைட்ரேட் ஃபிலிம் தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைத் தானே தந்து எரியும், தண்ணீர் ஊற்றினாலும் அணையாது, உண்மைதான். ஆனால் மிஷோ மாதிரிச் சின்னத் தயாரிப்பாளர்களிடம் இருந்ததே சில பிரிண்ட். அதே படப்பெட்டி ஊர் ஊராகப் போகும். புரொஜெக்டரின் பல்சக்கரத்தில் ஓரத் துளை கிழியும், ஆபரேட்டர் வெட்டி ஒட்டுவார், ஒவ்வொரு ஊர் சென்சாரும் தன் பங்குக்கு வெட்டும். மிஞ்சியதைச் சூட்டில் போட்டால் முதலில் பிம்பம் மங்கும், பிறகு பிசுபிசுக்கும், தேன்போல வழியும், கடைசியில் பழுப்புத் தூள். 1912 முதல் 1929 வரை வந்த அமெரிக்க முழுநீள ஊமைப்படங்கள் 10,919. அவற்றில் மூல 35 எம்.எம். வடிவில் முழுசாக மிஞ்சியவை 14 சதவீதம்தான் என்கிறது அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் 2013 அறிக்கை.

ஒருநாள் கிடைத்தாலும் இதே பெயரில் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மிஷோவின் அடுத்த படம் 'விதின் அவர் கேட்ஸ்' (1920), ஸ்பெயின் காப்பகத்தில் 'லா நேக்ரா' என்ற பெயரில் கிடந்தது. ஊமைப்படத்தில் வசனத்தை எழுத்தில் காட்டும் டைட்டில் கார்டு, ஆங்கிலத்தில் நாலே நாலு மிஞ்சியிருந்தது. மற்றதையெல்லாம் ஸ்பானிஷிலிருந்து திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றித்தான் 1993இல் ஒட்டினார்கள்.