நைட்ரஜன் ஊற்றப்போவது யார்?

மாடுகளுக்குச் சினை ஊசி போட நான் கோத்தகிரிப் பக்கத்துச் சிற்றூர்களுக்குத் தூக்கிச் செல்லும் கேனில் இருப்பதும், அமெரிக்காவின் அரிசோனாவில் ஆல்கோர் நிறுவனம் இறந்தவர்களின் உடல்களை வைத்திருக்கும் எஃகுக் கலன்களில் இருப்பதும் ஒரே திரவம்தான்: மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நைட்ரஜன். அண்மையில் தந்தையை இழந்த உறவினர் ஒருவர், உடலை உறைய வைத்தால் பிற்காலத்து மருத்துவம் எழுப்பிவிடுமா என்று என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

உறைந்த உயிரணு மீளும் என்பதை நான் அன்றாடம் காண்கிறேன். கால் மில்லி கொள்ளும் உறைவிந்துக் குச்சியை (உறைந்த காளை விந்து அடைத்த பிளாஸ்டிக் குழல்) இடுக்கியால் எடுத்து, 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் அமிழ்த்தினால் போதும். பல ஆண்டுகள் அசையாதிருந்த அணுக்கள் நீந்தத் தொடங்கிவிடும். ஆனால் குச்சி மெல்லியது. குளிரும் சூடும் அதன் உள்ளே ஒரே சீராகப் பரவுகின்றன. உடல் அப்படியல்ல. மார்கழி உறைபனியில் தேயிலைக் கொழுந்து கருகுவதைப் பார்த்தவர்களுக்கு, திசுவுக்குள் நீர் பனிக்கட்டியானால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. அதைத் தவிர்க்க, இரத்தத்தை அகற்றிவிட்டு உறைதடுப்பு மருந்தைச் செலுத்தி, திசுவைக் கண்ணாடிபோல் இறுகச் செய்கிறார்கள். 2023இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தினர் இவ்வாறு 100 நாட்கள் வரை வைத்திருந்த எலிச் சிறுநீரகங்களை மீட்டு, எலிகளுக்கே பொருத்தி இயங்க வைத்தார்கள். அது பெரிய சாதனை. ஆயினும் எலியின் சிறுநீரகத்துக்கும் மனித மூளைக்கும் இடையிலுள்ள தொலைவை எந்த விளம்பரமும் குறைத்துவிடாது.

இந்த அறிவியல் ஒருநாள் கைகூடும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் என்னை உறுத்துவது வேறொன்று. நைட்ரஜன் ஓயாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். கேனுக்குள் அளவுகோலை விட்டு எடுத்து, வெண்பனி படிந்த உயரத்தைப் பார்த்து, குறைந்திருந்தால் ஊற்றியாக வேண்டும். 2009 நவம்பர் நிலச்சரிவில் மலைப்பாதைகள் துண்டிக்கப்பட்டபோது எங்களுக்கு வரவேண்டிய நைட்ரஜன் வரவில்லை. கேன் வறண்டு, குச்சிகள் அனைத்தும் வீணாயின. ஆல்கோரில் உடல்களைத் தலைகீழாக நிறுத்தி வைப்பதும் இந்த அச்சத்தால்தான்: மட்டம் இறங்கினாலும் தலை கடைசி வரை திரவத்துக்குள் இருக்கும்.

1967 ஜனவரியில் முதன்முதலாக இப்படி உறைய வைக்கப்பட்ட பேராசிரியர் ஜேம்ஸ் பெட்ஃபோர்டின் உடலை இடம் மாற்றி இடம் மாற்றி, சில ஆண்டுகள் குடும்பத்தாரே நைட்ரஜன் ஊற்றிக் காத்தார்கள். 1982இல்தான் அது ஆல்கோரின் பொறுப்புக்கு வந்தது. பெட்ஃபோர்டை உறைய வைத்தவர்களுள் ஒருவரான ராபர்ட் நெல்சன், லாஸ் ஏஞ்சலிஸின் சாட்ஸ்வொர்த் இடுகாட்டு நிலவறையில் வேறு பலரின் உடல்களை வைத்திருந்தார். உறவினர்கள் அனுப்பிவந்த பணம் நின்றது, நைட்ரஜனும் நின்றது. அந்த உடல்கள் அழுகிப்போன செய்தி 1979இல் வெளியானது. ஊற்றுவதற்கு ஆள்தான் இல்லாமல் போனது.

இன்று ஆல்கோர் நிறுவனத்தார் முழு உடலுக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் பெற்று, அதில் ஒரு பகுதியை அறக்கட்டளையில் வைத்து, அதன் வருவாயில் காலமெல்லாம் பராமரிப்போம் என்கிறார்கள். அவர்களின் நேர்மையை நான் ஐயுறவில்லை. ஆனால் நூறு, இருநூறு ஆண்டுகளுக்கு அந்த வேலையைச் செய்யப்போகிறவர்கள் இன்னும் பிறக்கவே இல்லை. அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவும் இல்லை. அப்பாவை இழந்து நிற்கும் ஒருவரிடம் இந்த நம்பிக்கையை விலைபேசுவது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

உறுப்புகளை உறைய வைத்து மீட்கும் ஆய்வை மட்டும் நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். தானமாகக் கிடைத்த இதயத்தை இன்று பனிப்பெட்டியில் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான் வைத்திருக்க முடிகிறது. கூடலூரிலோ மஞ்சூரிலோ இருக்கும் நோயாளிக்கு, அழைப்பு வந்த பிறகு மலையிறங்கிக் கோவை போய்ச் சேரவே அந்த நேரத்தில் பெரும்பகுதி கழிந்துவிடும்.