22-வது திருத்தம் தடுப்பது எதை?

“இரண்டு முறை அமெரிக்க அதிபராக இருந்தவர் பிறகு எந்த அரசியல் பதவிக்கும் வர முடியாது” என்று ஒரு கட்டுரை சொல்கிறது; அது தவறு. அமெரிக்க அரசியல் சட்டத்துக்கு 1951-ல் வந்த 22-வது திருத்தம் தடுப்பது அதிபராக மூன்றாம் முறை தேர்ந்தெடுக்கப்படுவதைத்தான். செனட்டர், மாநில கவர்னர், அமைச்சர், நீதிபதி எதற்கும் தடையில்லை.

அதிபர் பதவிக்குப் பிறகு வேறு பதவிக்கு வந்தவர்கள் உண்டு. முன்னுதாரணங்கள் பழையவை, எல்லாரும் ஒருமுறை அதிபர்கள்தான். ஜான் குவின்சி ஆடம்ஸ் 1831 முதல் சாகும்வரை பிரதிநிதிகள் சபை உறுப்பினர். 1848 பிப்ரவரியில் சபையிலேயே சரிந்து, இரண்டு நாளில் அதே கட்டடத்தில் சபாநாயகர் அறையில் இறந்தார். ஆண்ட்ரூ ஜான்சன் 1875-ல் செனட்டுக்குப் போனார், சில மாதம்தான். டாஃப்ட் 1921-ல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி. கூலிட்ஜுக்கு 1925-லும் ஹூவருக்கு 1929-லும் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர் இந்த முன்னாள் அதிபர்தான்!

உண்மையான சிக்கல் துணை அதிபர் பதவியில். அதிபராகத் ‘தகுதியற்றவர்’ துணை அதிபராகவும் முடியாது என்கிறது 12-வது திருத்தம். 22-வதோ ‘தேர்ந்தெடுக்கப்பட’ என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது. ‘தேர்ந்தெடுக்கப்பட முடியாதவர்’ என்பதும் ‘தகுதியற்றவர்’ என்பதும் ஒன்றா என்று எந்த நீதிமன்றமும் தீர்க்கவில்லை. சபாநாயகராகி, அங்கிருந்து அதிபராகலாமே என்பவர்களுக்கு: அதிபரும் துணை அதிபரும் இல்லாதபோது அடுத்து யார் என்று சொல்லும் 1947 வாரிசுச் சட்டமும் ‘தகுதி உள்ளவர்’ என்றுதான் கேட்கிறது. அதே வழக்கு அங்கேயும் வரும்.

இன்னொன்று, பென்ஷன். சம்பளமுள்ள மத்திய அரசுப் பதவியில் இருக்கும்வரை முன்னாள் அதிபருக்கான பென்ஷன் 1958 சட்டப்படி நிற்கும். மாநில கவர்னரானால் நிற்காது.