அடிபட்டுப் படுத்திருப்பவரிடம் கையெழுத்துக் கேட்டால்

காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடக்கும் தொழிலாளியிடம் கம்பெனியிலிருந்து ஒருவர் வருகிறார். "உடம்பு தேறட்டும், அப்புறம் புதுசா சேர்த்துக்கலாம். இப்போதைக்கு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று ஒரு தாளை நீட்டுகிறார். அது ராஜினாமாக் கடிதம். கேட்பவர் நல்ல எண்ணத்தோடுகூடக் கேட்கலாம். ஆனால் சிகிச்சை இன்னும் முடியாத ஒரு குடும்பம் தன் மருத்துவக் காப்பீட்டை இழக்கத் தொடங்குவது பெரும்பாலும் அந்தக் கையெழுத்தில்தான். போடாதீர்கள். கடனுக்காகவோ, தயவுக்காகவோ, "எல்லாரும் போட்டிருக்காங்க" என்பதற்காகவோ போடாதீர்கள்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் பொருந்தும். மாற்றுத்திறனாளிகளுக்கு வரம்பு 25,000. சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். பணம் சிறியதாகத் தெரிவதால், கிடைப்பதும் சிறியதாகத்தான் இருக்கும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். சிகிச்சைச் செலவுக்கு ஈ.எஸ்.ஐ.யில் உச்சவரம்பு கிடையாது. மூன்று லட்சம், ஐந்து லட்சம் என்று கோடு போட்டு நிறுத்தும் தனியார் பாலிசிகளோடு ஒப்பிட்டால்தான் இதன் அருமை தெரியும். இடுப்பெலும்பு முறிந்து மூன்று முறை அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள வேண்டியிருக்கும் ஒருவருக்கு இந்த உரிமையை விடப் பெரிய சொத்து எதுவும் இல்லை.

அடிபட்டதும் பார்க்க வேண்டிய முதல் விஷயம், அது வேலையால் வந்த காயமா, வெளியே பட்ட காயமா என்பது. ஈ.எஸ்.ஐ.யில் இவை இரண்டும் இரு வேறு பாதைகள். வேலைக் காயம் என்றால் தற்காலிக ஊன உதவித்தொகை. அது நாள் சம்பளத்தில் 90 சதவீதம். வேலைக்குப் போக முடியாத நிலை நீடிக்கும்வரை கிடைக்கும், நாள் கணக்கில் உச்சவரம்பு இல்லை. இத்தனை நாள் பங்களிப்புக் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. சேர்ந்த முதல் நாளே எந்திரத்தில் கை மாட்டினாலும் உரிமை உண்டு. விபத்து நடந்த நாளை விட்டுவிட்டு, குறைந்தது மூன்று நாளாவது வேலைக்குப் போக முடியாமல் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வெளிக் காயம் என்றால் நோய்க்கால உதவித்தொகை. அது 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் மட்டும், முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை, அதற்குரிய ஆறு மாதத்தில் 78 நாள் பங்களிப்பும் இருக்க வேண்டும். நாள் சம்பளம் 600 ரூபாய் என்றால் ஒன்றில் 540, மற்றதில் 420. ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துத்தான் கணக்கு என்பதால் மாதத்துக்கு 3,600 ரூபாய் வித்தியாசம். அதைவிடப் பெரிய வித்தியாசம், ஊன உதவித்தொகை வாங்கும் காலம் முழுவதும் மருத்துவ உரிமையும் தொடர்கிறது என்பது.

இவ்வளவு இருந்தும் ஏராளமான வேலைக் காயங்கள் "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்றே பதிவாகின்றன. விசாரணை வருமோ, தொழிற்சாலை ஆய்வாளர் வருவாரோ என்று கம்பெனிக்குப் பயம். "ஆஸ்பத்திரிச் செலவை நாங்க பார்த்துக்கிறோம், வேலையில பட்டதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க" என்று சொல்வார்கள். முதல் பில்லைக் கட்டவும் செய்வார்கள். ஆனால் எலும்புக்குள் வைத்த தகடு எட்டாவது மாதத்தில் சீழ் பிடித்தால் அப்போது யார் பார்த்துக்கொள்வார்கள்? மருத்துவமனையில் சேர்க்கும்போது குறிப்பேட்டில் முதல் வரியாக எழுதப்படும் விபத்து விவரம், ஆண்டுக் கணக்கில் பின்தொடரும் சாட்சி. அதில் "வேலை இடத்தில், இந்த எந்திரத்தில், இத்தனை மணிக்கு" என்று எழுதச் சொல்லுங்கள். தொழிலாளியால் பேச முடியாவிட்டால் கூட வந்தவர் சொல்ல வேண்டும்.

அடுத்தது கம்பெனியின் விபத்துப் பதிவேடு. அதுதான் படிவம் 11. தகவலை வாயால் சொன்னாலும் செல்லும். ஆனாலும் ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது அனுப்பி வையுங்கள், தேதியும் நேரமும் தானாகவே பதிவாகிவிடும். அதன்பின் படிவம் 12 எனும் விபத்து அறிக்கையை முதலாளி ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்கவில்லை என்றால் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு நீங்களே எழுத்தில் தெரிவியுங்கள். முதலாளி அறிக்கை தரவில்லை என்பதால் தொழிலாளியின் உரிமை செத்துவிடாது, இழுத்தடிப்புதான் கூடும். வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்தும், நேரம், இடம், சூழ்நிலை ஆகியவை வேலையோடு பொருந்தினால், வேலைக் காயம்தான். 2010இல் வந்த திருத்தம் இது. இன்றும் பலருக்குத் தெரியாது. பஞ்சிங் நேரம், வழக்கமாகப் போகும் பாதை, காவல் நிலையப் பதிவு ஆகிய மூன்றும் கையில் இருக்கட்டும். நடுவில் பாதை மாறி உறவினர் வீட்டுக்குப் போயிருந்தால் சிக்கல் வரும்.

மருத்துவச் சான்றிதழில் இடைவெளி விடுவது அடுத்த பெரிய தவறு. முதல் சான்று, இடைக்காலச் சான்றுகள், கடைசியில் வேலைக்குத் தகுதிச் சான்று என்று சங்கிலிபோல வர வேண்டும். நடுவே பத்து நாள் விட்டுப்போனால் அந்தப் பத்து நாளுக்குப் பணம் நிற்கும். அதைவிட மோசம், கம்பெனி அந்தப் பத்து நாளை "அனுமதியில்லாத விடுப்பு" என்று எழுதிக்கொள்ளும். நடக்க முடியாதவர் சான்று வாங்க ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்கு எப்படிப் போவது என்பது நியாயமான கேள்வி. தனியார் மருத்துவமனையில் கட்டுப் போட்டிருந்தாலும் அந்தச் சீட்டு, எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் அறிக்கை ஆகியவற்றை வீட்டு ஆள் கையில் கொடுத்தனுப்பி, ஈ.எஸ்.ஐ. மருத்துவரிடம் என்ன செய்யலாம் என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். மூன்று மாதம் கழித்து மொத்தமாகக் கொண்டுபோனால் அவராலும் பின்தேதியிட்டுத் தர முடியாது.

இனி அதிகம் பேசப்படாத இடத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு மாதமும் முதலாளி ஈ.எஸ்.ஐ. தளத்தில் தொழிலாளர் கணக்கை ஏற்றுகிறார். ஒருவர் அந்த மாதம் ஒரு நாள்கூட வேலை செய்யவில்லை என்றால் காரணக் குறியீடு போட வேண்டும். 1 என்றால் விடுப்பில் இருக்கிறார். 2 என்றால் பணியிலிருந்து விலகிவிட்டார். கணக்கு எழுதுபவர் யோசிக்காமல் 2 போட்டுவிட்டால், அடுத்த மாதம் முதல் அந்தப் பெயர் பட்டியலிலேயே வராது. தொழிலாளிக்கு இது தெரியவே தெரியாது. அடுத்த முறை பெரிய ஆஸ்பத்திரிக்குப் பரிந்துரை கேட்கும்போதுதான் வெடிக்கும். ஆகவே விடுப்பில் இருக்கும் காலத்தில் மாதத்துக்கு ஒருமுறை உங்கள் காப்பீட்டு எண்ணைப் போட்டு ஈ.எஸ்.ஐ. தளத்தில் உங்கள் நிலையைப் பாருங்கள். பிள்ளைகள் பார்த்துச் சொன்னால்கூடப் போதும்.

78 நாள் கணக்கையும் ஒருமுறை உட்கார்ந்து புரிந்துகொண்டால் நல்லது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய பங்களிப்புக்கு, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை பலன். ஒருவர் நவம்பர் 10 அன்று சொந்த வேலையாகப் போன இடத்தில் விழுந்து காலை முறித்துக்கொண்டார் என்று வையுங்கள். அதற்கு முந்தைய அக்டோபர்–மார்ச்சும் ஏப்ரல்–செப்டம்பரும் முழுக்க வேலை செய்திருந்தால் ஜூன் 30 வரை கவலை இல்லை. ஆனால் அக்டோபர்–மார்ச்சில் அவருக்கு இதுவரை 41 நாள்தான் சேர்ந்திருக்கிறது. மார்ச் 1 அன்று வேலைக்குத் திரும்பினால் 31 நாள் கூடும். மொத்தம் 72. ஆறு நாள் குறைகிறது. அந்த ஆறு நாளால் ஜூலை முதல் டிசம்பர் வரை நோய்க்கால உதவித்தொகை போகும், மருத்துவ உரிமையிலும் சிக்கல் வரும். அதுதான் தகடு எடுப்பதற்கு மருத்துவர் நாள் குறிக்கும் காலமாகவும் இருக்கலாம்!

இதற்கு வழி உண்டு. சம்பளத்தோடு கூடிய விடுப்புக்கும் பங்களிப்புப் பிடிக்கப்படும், அந்த நாளும் 78இல் சேரும். ஒரே நாளுக்கு விடுப்புச் சம்பளமும் ஈ.எஸ்.ஐ. உதவித்தொகையும் இரண்டையும் வாங்க முடியாது என்பதால், அடிபட்ட முதல் வாரத்திலேயே ஈட்டிய விடுப்பையெல்லாம் கரைத்துவிடாதீர்கள். முதலில் உதவித்தொகையை வாங்குங்கள். 91 நாள் முடிந்தபின், எத்தனை நாள் குறைகிறது என்று பார்த்து விடுப்பைப் போடுங்கள். எச்.ஆர். பிரிவு வழக்கமாக இதைத் தலைகீழாகச் செய்கிறது. 91 நாளுக்குப் பிறகும் எலும்பு ஒட்டவில்லை என்றால், ஒட்டாத அல்லது தாமதமாக ஒட்டும் முறிவு நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவித்தொகைப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பணியில் இருந்து, கடைசி நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாள் கட்டியிருந்தால் 80 சதவீதம் கிடைக்கும். கேட்டால்தான் தருவார்கள்.

உதவித்தொகை வாங்கும் காலத்தில் முதலாளி வேலையிலிருந்து நீக்கவோ தண்டிக்கவோ கூடாது. 1948ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்திலேயே இருந்த பாதுகாப்பு இது. நீக்க முடியாது என்பதால்தான் ராஜினாமாவைக் கேட்கிறார்கள். தானாக விலகியவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நிரந்தர ஊனத்தால் இனி வேலையே செய்ய முடியாது என்ற நிலை வந்தாலும் கடிதம் எழுதிக்கொடுத்துவிட்டு மொத்தமாகக் கிளம்ப வேண்டாம். வேலைக் காயத்தால் நிரந்தர ஊனமாகி வேலை போனவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி, ஓய்வு வயது வரை தனக்கும் வாழ்க்கைத் துணைக்கும் ஈ.எஸ்.ஐ. சிகிச்சையைத் தொடரலாம். விலகியதற்கான காரணம் ஆவணத்தில் "ஊனம்" என்று இருப்பதும் "சொந்தக் காரணம்" என்று இருப்பதும் இங்கே வாழ்வா சாவா என்பதுபோல.

21,000க்கு மேல் வாங்குபவர்களுக்கு கம்பெனியின் குரூப் மெடிக்ளைம்தான் இருக்கும். இது ஊழியர் பட்டியலோடு ஒட்டிய காப்பீடு; பட்டியலில் பெயர் இருக்கும்வரை உண்டு, கடைசி வேலை நாளோடு போய்விடும். சம்பளமில்லா விடுப்பில் போகும்போது கவனிக்க வேண்டியது, உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் பிரீமியம். பெற்றோருக்கான பங்கு, காப்பீட்டுத் தொகையைக் கூட்டிக்கொள்ளும் டாப்-அப் போன்றவை சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும். சம்பளம் பூஜ்யம் என்றால் பிடித்தமும் பூஜ்யம். சில இடங்களில் பெற்றோர் பெயர் சத்தமில்லாமல் நீங்கிவிடும். விடுப்புத் தொடங்கும் முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள்: சம்பளமில்லா விடுப்பில் நானும் என் குடும்பமும் பட்டியலில் தொடர்கிறோமா, என் பங்கை எந்தக் கணக்கில் கட்டுவது, பாலிசி எந்தத் தேதியில் புதுப்பிக்கப்படுகிறது? பதில் எழுத்தில் வரட்டும். வேலையில் பட்ட காயத்துக்கான சிகிச்சைச் செலவைத் திருப்பித் தர வேண்டிய கடமை, ஈ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில், சட்டப்படி முதலாளிக்கு உண்டு என்பதும் நினைவில் இருக்கட்டும்.

வேலையை விட்டே ஆக வேண்டும் என்றால், விலகும் முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற விண்ணப்பியுங்கள். அப்போதுதான் குரூப்பில் கழித்த காத்திருப்புக் காலம், அதாவது முன்பே இருந்த பாதிப்புக்குக் கிளெய்ம் கிடைக்காத காலம், கணக்கில் வரும். இடைவெளி விட்டுவிட்டுப் புதிதாக எடுத்தால், ஏற்கெனவே பட்ட காயமும் அதற்குள் இருக்கும் தகடும் முன்பே இருந்த பாதிப்பாகி, மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க நேரலாம். விண்ணப்பத்தில் அந்த அறுவைச் சிகிச்சையை மறைக்கவே மறைக்காதீர்கள். எக்ஸ்ரே எடுத்தால் தகடு தெரியும், கிளெய்மும் போகும், பாலிசியும் போகும்.

ஈ.எஸ்.ஐ.யும் கம்பெனிக் காப்பீடும் இல்லாமல் போனவர்கள், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிந்துகொள்ளலாம். சம்பளம் நின்ற பிறகு எடுக்கும் வருமானச் சான்றில் இப்போதைய வருமானம்தான் வர வேண்டும். பழைய சம்பளத்தை எழுதி நிராகரிக்க விடாதீர்கள்.

உங்கள் தெருவில் யாராவது இப்போது மாவுக்கட்டோடு இருந்தால், பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போகும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். படிவம் 12 போட்டாச்சா? ஏதாவது தாளில் கையெழுத்துக் கேட்டாங்களா?